விபத்தில்லாத பதினோரு நாட்கள்

கலிஸ்தோ ஃபுனெஸுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் நிச்சயமான கல்யாணம் பனியால் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை பனியை வாரியிறைக்கும் வெள்ளைக்காற்று அடித்துக் கணவாயை மூடினார்கள். இரண்டாம் முறை சுரங்கப்பாதைக்கு முன்னால் மலையே சரிந்து உட்கார்ந்துகொண்டது. மணப்பெண் ஒதிலியா மலைக்கு அந்தப் பக்கம், சிலே நாட்டின் லோஸ் ஆந்தெஸ் ஊரில், லாரிகளுக்கு டயர் பார்க்கும் பட்டறை வைத்திருப்பவள். இரண்டாம் முறையும் கல்யாணப் பதிவாளர் பட்டறைக்கே வந்து, காத்திருந்து, கேக்கைத் தின்றுவிட்டுப் போன அன்று அவள் போனில் சொன்னாள்:

“இந்தா பாருய்யா, மூணாவது தடவையும் நீ வரலைன்னா நான் அந்தப் பதிவாளரையே கட்டிக்குவேன். அந்த மனுசன் சொன்ன நேரத்துக்காவது வர்றாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதில் பாதி நிஜம் என்று கலிஸ்தோவுக்குத் தெரியும். மூன்றாவது தேதி வியாழக்கிழமை, மாலை நாலு மணி. இதற்கு மேல் தேதி கேட்கப்போவதில்லை என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

கலிஸ்தோவோ மலைக்கு இந்தப் பக்கம், அர்ஜெண்டினாவில், உஸ்பல்லாத்தாவிலுள்ள கம்பெனி லாரிக் கொட்டடியில் இருபத்தாறு டன் பூண்டோடு, கணவாய் திறக்கக் காத்து, பதினோரு நாளாகக் கிடந்தார். கல்யாணக் கோட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கியது. புதன்கிழமை மதியம் எல்லைக் காவலிலிருந்து செய்தி வந்தது: வியாழன் காலை எட்டு மணிக்குக் கணவாய் திறக்கும், இரண்டு மணிக்கு மூடிவிடும், பின்னால் இன்னொரு புயல் வருகிறது. கலிஸ்தோ விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எட்டுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குச் சுரங்கம், அப்புறம் இறக்கம், சுங்கம். மேலும் சிலேக்காரர்களின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன் ஒரு சவரமே செய்துகொள்ளலாம்.

அதே புதன்கிழமைதான் இஞ்சினியர் உகார்த்தே மெந்தோசா நகரத்திலிருந்து வந்து இறங்கினார்.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது. ‘இஞ்சினியர்’ என்றால் மூன்று தெரு தள்ளியும் கேட்கும். கம்பெனியின் குளிர்காலப் பாதுகாப்புக்குப் புதிதாக வந்திருந்த தலைவர். ஆரஞ்சு நிற மேலங்கியில் கடையில் மடித்துவைத்த மடிப்பு இன்னும் நிமிரவில்லை. ஜீப்பிலிருந்து இரண்டு ஒலிபெருக்கியும் ஒரு பேனரும் இறங்கின. கொட்டடியில் சூடுள்ள ஒரே இடமான பழுது பார்க்கும் கூடத்தைக் காலி செய்து நாற்காலி போடச் சொன்னார். பேனரில் எழுதியிருந்தது: ‘விபத்தில்லாத பதினோரு நாட்கள்.’

“பதினோரு நாளா ஒரு வண்டியும் நகரலையே,” என்றான் மெல்கோர், பக்கத்து லாரிக்காரன். “அப்புறம் எதுல போயி மோதறது?”

“சத்தமாச் சொல்லாத. கேட்டா உனக்கும் ஒரு பதக்கம் குடுத்துருவாரு,” என்றார் கலிஸ்தோ.

விழாப் புகைப்படத்துக்காக ஒன்பது கம்பெனி லாரிகளையும் கழுவ வேண்டும் என்பது முதல் உத்தரவு. மாலை நாலு மணி, வெயில் மலைக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. பம்புக் குழாயை எடுத்துச் சக்கரம், அச்சு, அடிவயிறு எல்லாம் பீய்ச்சி அடித்தார்கள். இஞ்சினியர் கூடவே நடந்து, விட்ட இடங்களைக் கைகாட்டினார்.

அந்தக் கொட்டடியில் குளிர்காலத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் நனைந்திருந்தால் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. பெடலை லேசாக மிதித்தபடி ஒரு சுற்று ஓட்டி, உள்ளே சூடேற்றிக் காயவைப்பார்கள். அதற்கும் நேரமில்லை என்றால் கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். ஈரமான பிரேக் கட்டையை ஹேண்ட் பிரேக்கால் சக்கரத்து டிரம்மோடு அழுத்திவைத்து விட்டுப் போனால், விடியும்போது இரண்டும் உறைந்து ஒரே உருப்படியாக இருக்கும்.

இஞ்சினியரின் இரண்டாவது உத்தரவு: கழுவிய வண்டியை ஓட்டக் கூடாது, சேறு தெறித்துப் படம் கெட்டுவிடும். மூன்றாவது: எல்லா வண்டியிலும் ஹேண்ட் பிரேக் போட்டு, அதைப் படமெடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பி, பிடியின் மேல் அவர் கையெழுத்திட்ட முத்திரைத் தாள் ஒட்ட வேண்டும். காலையில் அவர்தான் கிழிப்பார்.

“நண்பர்களே,” என்றார் ஒலிபெருக்கியில், பதினெட்டுப் பேருக்கு முன்னால். “பிரேக் என்பது வெறும் உதிரிப்பாகமல்ல. அது ஒரு மனப்பான்மை.”

“என் மனப்பான்மைக்கு லைனிங் தேஞ்சு மூணு மாசமாச்சு. மாத்திக் குடுக்கச் சொல்லு,” என்று மெல்கோர் முனகினான்.

பிறகு மாதிரி ஓட்டுநரின் பெயரை அறிவித்தார்கள். கலிஸ்தோ ஃபுனெஸ். ஏன் அவர் என்பதற்கு, மீசை படத்தில் நன்றாக விழும் என்பதைத் தவிர யாருக்கும் காரணம் தெரியவில்லை. திராட்சை அறுவடைத் திருவிழா ராணிக்குப் போடுவதுபோல ஒரு பட்டுப்பட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக மாட்டினார்கள். கைதட்டினார்கள். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டிய மனிதருக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. வண்டி கவிழாமல் வந்தால் ‘ஏன் தாமதம்’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் சுகத்தில் கலிஸ்தோ தானாகவே ஒலிபெருக்கியை வாங்கினார். கொட்டடியின் ஓரத்தில் சொந்த லாரியோடு நின்ற சிலேக்காரர் கஸ்தோதியோவைப் பார்த்தார். அந்த வண்டியை அவர் கழுவ விடவில்லை. பழைய ரயில் பாதையில் எடுத்த இரண்டு கட்டைகளைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வண்டியப் பாருங்க,” என்றார் கலிஸ்தோ ஒலிபெருக்கியில். “சிலே நாட்டு மண்ணு மொத்தமும் அதுலதான் ஒட்டியிருக்கு. மேப்புல அந்த நாடே இவ்வளவு ஒல்லியா இருக்கறதுக்குக் காரணம் இப்பத்தான் புரியுது!”

கூட்டம் சிரித்தது. கஸ்தோதியோ கோப்பையை உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான்.

முதல் படம் மாதிரி ஓட்டுநருடையது. கலிஸ்தோ ஏறி உட்கார்ந்து பிடியில் கை வைத்தார். கை ஒரு கணம் தயங்கியது, கைக்குத் தெரியும். ஆனால் கேமரா காத்திருந்தது, பட்டை மார்பில் பளபளத்தது, கீழே எட்டு ஓட்டுநர்களும் அவர் என்ன செய்யப்போகிறார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரிதானே என்று இழுத்தார். காற்று ‘ஷ்ஷ்’ என்று வெளியேறியது. கலிஸ்தோவே இழுத்துவிட்டார் என்றபின் மற்ற எட்டுப் பேரும் வாய் திறக்காமல் போய் இழுத்தார்கள்.

சாயங்காலம் போனில் ஒதிலியாவின் குரல்பதிவு வந்தது. “என்ன மாப்ள, கோட்டுக்கு இஸ்திரி போட்டாச்சா? ஈரத்துல நிறுத்தலையே? கட்டை குடுத்தியா?”

“குடுத்தாச்சு, குடுத்தாச்சு,” என்று பதில் பதிந்து அனுப்பினார் கலிஸ்தோ. பட்டை இன்னும் தோளில்தான் இருந்தது.

காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து. ஏழு மணிக்கே ஒன்பது இஞ்சினும் உறுமிக்கொண்டிருந்தன. பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தம் ஏறிவிட்டது. முத்திரையைக் கிழிக்க வேண்டியவர் மட்டும் விடுதியில் பன் தின்றுகொண்டிருந்தார். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வந்து, ஒவ்வொரு வண்டியாக ஏறி, ஒவ்வொரு முத்திரையையும் கத்தரிக்கோலால் வெட்டினார்.

கலிஸ்தோ பிடியை உள்ளே தள்ளி, கியர் போட்டு, மெதுவாக விட்டார். முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தது. டிரெய்லரின் ஆறு சக்கரங்களில் ஒன்றும் உருளவில்லை. பனித்தரையில் சறுக்குப்பலகைபோல் இழுபட்டுக் கறுப்புக் கோடு போட்டன. இந்தப் பக்கம் மெல்கோரின் வண்டியும் கோடு போட்டது. அதற்கு அப்பால் இன்னொன்று. கொட்டடி முழுக்க ஒன்பது லாரிகள், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இழுபட்டன.

“பதற்றப்படாதீர்கள்!” என்றார் இஞ்சினியர். “வெந்நீர்!”

“வேணாம் இஞ்சினியர், வெந்நீர் வேணாம்...” என்று கலிஸ்தோ இறங்குவதற்குள், மாத்தே என்ற இலைச்சாறு குடிக்கக் கொதித்துக்கொண்டிருந்த கெட்டில்கள் சமையலறையிலிருந்து வந்துவிட்டன. மாதிரி ஓட்டுநரின் வண்டிக்குத்தான் முதல் மரியாதை. ஆவி எழும்பியது. இஞ்சினியர் பெருமையாகப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் வெந்நீர் ஓடிய இடமெல்லாம் கண்ணாடியாக இறுகிக்கிடந்தது.

கலிஸ்தோ அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டுக்கொண்டு, சுத்தியலோடு அடியில் புகுந்தார். டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். பலமாக அடித்தால் விரிசல் விழும், மெதுவாக அடித்தால் ஐஸ் சிரிக்கும். மெல்கோர் தன் வண்டியை விட்டுவிட்டு வந்து, கலிஸ்தோவின் லாரியில் ஏறி முன்னும் பின்னும் அசைத்துக்கொடுத்தான்.

“கொஞ்சம் முன்னால... போதும். பின்னால...”

“அண்ணே, உங்க கல்யாணத்துக்கு நான் நடனம் ஆடலாம்னு பாத்தா, உங்க லாரிதான் ஆடுது.”

“வாய மூடிட்டு ஆட்டுடா.”

‘டக்’ என்று ஒரு சக்கரம் விட்டது. அப்புறம் இன்னொன்று. ஒன்பதே காலுக்கு ஆறும் உருண்டன. கலிஸ்தோ அடியிலிருந்து வெளியே வரவில்லை. மல்லாந்தபடியே கத்தினார்: “இப்பப் பெடல அமுக்கு!”

“அமுக்கிட்டேன்!”

முன்வண்டியில் பிரேக் தண்டுகள் துள்ளி நீண்டன. டிரெய்லரில் ஒன்றுகூட அசையவில்லை.

“நல்லா அமுக்குடா!”

“அண்ணே, இதுக்கு மேல அமுக்கினா காலு வெளிய வந்துரும்!”

வெந்நீர் வழிந்த இடத்திலேயே, டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று விடும் வால்வு இருந்தது. முட்டை வடிவில் ஒரு பனிக்கட்டி, உள்ளே வால்வு. அதைக் கழற்றி, சூடான கூடத்தில் உருக்கி, காயவைத்து, திரும்ப மாட்ட ஐந்து மணி நேரமாவது ஆகும். சூடான கூடத்தில் நாற்காலிகள் இருந்தன.

இஞ்சினியர் குனிந்து பார்த்தார். “சக்கரம் உருளுதில்லையா, ஃபுனெஸ்?”

“உருளுது.”

“அப்புறம் என்ன பிரச்சினை?”

“நிக்காது, இஞ்சினியர். உருளறதுக்கு மலையே போதும். நிக்கறதுக்குத்தான் நாம வேணும்.”

“முன்வண்டியில் பிரேக் இருக்கிறதே. மெதுவாகப் போனால் போதும். மாதிரி ஓட்டுநர் முதலில் கணவாயைத் தாண்டினார் என்று தலைமையகத்துக்கு...”

கலிஸ்தோ மலையைப் பார்த்தார். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நத்தைகள் என்று பேர்வாங்கிய இருபத்தொன்பது வளைவுகள். மெதுவாகப் போகலாம் என்று மனதில் ஒரு குரல் சொன்னது. எத்தனையோ பேர் எத்தனையோ ஓட்டை வண்டியில் இறங்கியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகாது. நாலு மணிக்குப் பட்டறை வாசலில் ஹார்ன் அடிக்கலாம். அந்தக் குரல் நேற்றுப் பிடியை இழுக்கச் சொன்ன குரலைப் போலவே இருந்ததால் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. போனை எடுத்தார்.

“ஒதிலியா. நேத்து நான் கட்டை குடுக்கல.”

“ம்.”

“ஈரத்துலயே ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டேன். போட்டோ எடுத்தாங்க. பட்டை போட்டாங்க. இழுத்துட்டேன்.”

“ம்.”

“சக்கரத்த விடுவிச்சாச்சு. டிரெய்லர்ல பிரேக் பிடிக்கல. மெதுவா வந்தா...”

“வராத.” குரல் உயரவில்லை. “அந்த வண்டியில வராத. என்னய்யா நெனச்சே? நான் ஒரு நாளாவது பொண்டாட்டியா இருக்கணும், அப்புறம்தான் விதவை. வரிசை மாத்தாத.” பிறகு கேட்டாள்: “அந்த ஊர்ல வேற வண்டியே இல்லையா?”

இருந்தது. கொட்டடி ஓரத்தில், மண்ணோடு மண்ணாக. கஸ்தோதியோ அப்போதுதான் கட்டைகளைக் காலால் தட்டி எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கலிஸ்தோ கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு போய் நின்றார்.

“அண்ணே, லோஸ் ஆந்தெஸ் வரைக்கும்...”

“அடடே, ராணியம்மா!” கஸ்தோதியோ அவசரமே இல்லாமல் கதவைத் துடைத்தார். “நேத்து மைக்குல ஏதோ சொன்னீங்க. காத்துல சரியாக் கேக்கல. இப்ப மைக் இல்லாம சொல்லுங்க.”

கலிஸ்தோ சொன்னார். சிலே நாட்டு மண் மொத்தமும், நாடு ஒல்லியாக இருப்பதன் காரணமும், ஒரு வார்த்தை விடாமல். மைக் இல்லாதபோது அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

“ஏறுங்க,” என்றார் கஸ்தோதியோ.

“பத்து நிமிசம் குடுங்கண்ணே.”

“கல்யாணம் உங்களுக்கா எனக்கா?”

கலிஸ்தோ திரும்பி ஓடினார். எட்டு ஓட்டுநர்களும் வெவ்வேறு அடிவயிற்றில் சுத்தியலோடு கிடந்தார்கள். ஒவ்வொரு வண்டியின் அருகிலும் குனிந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்: “சக்கரம் விட்டாப் போதும்னு கிளம்பிராத. ஒருத்தன பெடல அமுக்கச் சொல்லி, டிரெய்லர்ல தண்டு அசையுதான்னு பாரு. என்னப் பாத்துத்தானே நேத்து இழுத்தே? இன்னைக்கும் என்னையே பாரு. நான் என் வண்டிய எடுக்கல.” பார்த்தார்கள். இன்னும் மூன்று வண்டிகள் உருண்டன, பிரேக் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் நாற்பதாகியது. கஸ்தோதியோவின் ஹார்ன் மலையில் எதிரொலித்தது.

“ஃபுனெஸ்! இது பணியிடத்தை விட்டு ஓடுவது!” இஞ்சினியர் பின்னாலேயே வந்தார். “பூண்டை யார் பார்ப்பது?”

“அது எங்கயும் போகாது, இஞ்சினியர். பாதுகாப்பா இருக்கும்,” என்றான் மெல்கோர், கூடத்திலிருந்து நாற்காலிகளை இரண்டிரண்டாக வெளியே எறிந்தபடி. “பன்னெண்டாவது நாள்னு பேனர்ல திருத்திக்குங்க. அண்ணே, நீங்க போங்க! வால்வ நான் பாத்துக்கறேன்.”

வழி முழுக்கக் கஸ்தோதியோவே பேசினார். சுரங்கம்வரை அர்ஜெண்டினாக்காரர்களின் தன்னடக்கத்தைப் பற்றி, சுரங்கத்துக்குப் பின் தன் பிரேக்கைப் பற்றி. நத்தைகளில் வளைவுக்கு வளைவு பாராட்டு விழா நடந்தது. “பாத்தீங்களா, பஞ்சு மாதிரி நின்னுச்சு. கழுவறதே இல்ல. மண்ணு ஒரு கம்பளி, தெரியுமா? பிரேக்குக்கு நான் கம்பளி போத்தியிருக்கேன்.” கலிஸ்தோவின் வலது கால் இருபத்தொன்பது வளைவுக்கும் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது. சுங்கத்தில் வரிசை ஊர்ந்தது. அங்கே கழிப்பறையில் கோட்டை மாட்டிக்கொண்டார்.

பட்டறைக்குள் லாரி நுழைந்தபோது சிலே நேரம் ஐந்தேகால். புகைபோக்கி அடுப்புக்குப் பக்கத்தில் பதிவாளர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒதிலியா நீலக் கவுனில், பட்டறை பூட்ஸோடு வெளியே வந்தாள். கலிஸ்தோ இறங்கி, கோட்டை இழுத்துவிட்டு, கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

லாரியைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, புறங்கையை டிரம்முக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். சூடு. சூடு. அடுத்ததும் சூடு. பிரேக் போட்டு மலை இறங்கிய வண்டிக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். டிரெய்லரின் இடது கடைசிச் சக்கரத்தில் மட்டும் கையை நீட்டிப் பிடித்தவள், இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு முழு உள்ளங்கையையும் மண்ணின் மேலேயே அழுத்திவைத்து, அப்படியே நின்றாள்.

“யோவ் கஸ்தோதியோ, இங்க வா. கைய வெய்யி.”

கஸ்தோதியோ வைத்தார்.

“எப்படி இருக்கு?”

“...ஜில்லுன்னு இருக்கு.”

“டிரெய்லர்ல அஞ்சு சக்கரத்துல பிரேக் வேலை செஞ்சுச்சு. ஒண்ணு டிக்கெட்டு வாங்கி உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வந்திருக்கு. எத்தன நாளாவோ!” அவள் கைமண்ணைத் தட்டினாள். “இதுல என் மாப்பிள்ளைய ஏத்திட்டு வந்தியா நீ?”

கஸ்தோதியோ குனிந்து அந்த மண் கம்பளியை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். கலிஸ்தோ சிரிக்காமலிருக்கப் பெரும்பாடுபட்டார். பிறகு அந்த இருபத்தொன்பது வளைவுகளும் நினைவுக்கு வந்தன, சிரிப்பு தானாகவே அடங்கியது. போய்க் கஸ்தோதியோவின் தோளில் கை வைத்தார்.

“இறக்கிவிட்டீங்களேண்ணே. அது போதும்.”

“இந்த வண்டி இன்னைக்கு இங்கிருந்து நகராது,” என்றாள் ஒதிலியா. “சக்கரத்தக் கழட்டினப்புறம்தான் எதுவும். ஆனா இருட்டறதுக்குள்ள பதிவாளரு வீட்டுக்குப் போகணும்கறாரு. எழுப்புங்க அவர.”

ஜாக்கியில் ஏற்றிய டிரெய்லருக்குப் பக்கத்தில், கருவிகளை ஒதுக்கிய மேசையில் பதிவேட்டை விரித்தார்கள். பதிவாளர் சட்டப் பிரிவுகளைக் கொட்டாவியோடு வாசித்தார். கலிஸ்தோ “சம்மதம்” என்றார். ஒதிலியா “சம்மதம். எவ்வளவு நேரம்யா வாசிப்பீங்க?” என்றாள். அவள் விரல்கள் கலிஸ்தோவின் கையை, கழன்றுவிடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தன.

சாட்சிக்கு ஒரு ஆள் குறைந்தது. கஸ்தோதியோ முன்னால் வந்தார்.

“தொழில்?” என்றார் பதிவாளர்.

வழக்கமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் நீளமான பதில் ஒன்று உண்டு. கழற்றிவைத்த சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“லாரி ஓட்டறேன்,” என்றார். “அவ்வளவுதான். எழுதிக்குங்க.”